நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த 37 வயதுப் பெண் முதல் ட்ரையத்லானுக்கு எப்படித் தயாராவது?

கேள்வியில் ‘நீச்சல் அரைகுறை’ என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். சைக்கிள் எது வாங்கலாம், வாட்ச் எது நல்லது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தண்ணீருக்குள் மூச்சு முட்டுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் கோச் இல்லை. சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி. அதில் ஸ்பிரின்ட் என்கிற சின்ன வகையை 41 வயதில் ஒரே ஒரு தடவை முடித்திருக்கிறேன், அதுவும் கடைசியிலிருந்து இரண்டாவதாக. இவளெல்லாம் அறிவுரை சொல்ல வந்துவிட்டாளா என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்களும் வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது, விடியற்காலை நாலரைக்கு எழுந்தால்தான் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் தடவைக்கு ஸ்பிரின்ட் போதும்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு. அதைவிடவும் பல மடங்கு நீளமான அயர்ன்மேன் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

750 மீட்டர் என்றால் 25 மீட்டர் குளத்தில் 30 தடவை. சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு தடவைக்கே நாக்கு தள்ளியது. அதற்கும் முன்னால் குளத்தில் இடம் கிடைக்க வேண்டுமே! எங்கள் பக்கத்துக் குளத்தில் ‘லேடீஸ் பேட்ச்’ மதியம் மூன்று மணிக்கு. வேலைக்குப் போகிற எந்தப் பெண் மதியம் மூன்று மணிக்கு நீந்த வருவாள்? காலை ஆறு மணி பேட்ச் கேட்டால், “அது ஜென்ட்ஸுக்கு மேடம், நீங்க சங்கடப்படுவீங்க” என்கிறார் கவுன்ட்டரில் இருந்தவர். சங்கடப்படுவது நானா அவர்களா என்று கேட்டுவிட்டு, பதினொரு கிலோமீட்டர் தள்ளி வேறொரு குளத்தில் சேர்ந்தேன். பெண்களுக்குத் தனி நேரம் கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அந்த நேரத்தைக் காலையில் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முதல் பத்து நாள் கையை வீசவே விடவில்லை. “கம்பியப் பிடி, முகத்த உள்ள வை, புஸ்ஸுனு மூக்கால வெளிய விடு.” இது மட்டும்தான். என்னைப் போன்றவர்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கும்போது விடவும் இழுக்கவும் ஒரே நொடியில் முயல்கிறோம். அதனால்தான் நான்கு வீச்சுக்குள் நெஞ்சு அடைக்கிறது. உள்ளே விட்டு வெளியே இழுக்கப் பழகிய பிறகு இரண்டே மாதத்தில் 400 மீட்டர் நிற்காமல் போனேன். அடுத்து அவர் சொல்லிக்கொடுத்தது மல்லாந்து மிதப்பது. “வேகமெல்லாம் அப்புறம்மா. மிதக்கத் தெரிஞ்சவ சாக மாட்டா.”

குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகலாம். போட்டி கடலில் என்றால் அங்கே கோடு ஏது? ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி, வழி காட்டும் மிதவையைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வளைந்து வளைந்து 750 மீட்டர் 900 ஆகிவிடும். ஆகவே போட்டிக்கு முன்னால் மூன்று நான்கு தடவையாவது திறந்த நீரில் இறங்கிப் பாருங்கள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, கோவளம் பக்கம் ஒரு மீனவ அண்ணனின் படகைக் கூடவே வரச்சொல்லிப் பழகினோம். கடலுக்குப் போகச் சொல்லிப் பெண்களைச் சாகடிக்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தனியாக இறங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மெரினாவில் இறங்கவே இறங்காதீர்கள்.

இத்தனையும் பழகிவிட்டுப் போனவள்தான், போட்டியன்று பதறினேன். விசில் ஊதியதும் எல்லாரும் ஒன்றாகப் பாய்ந்ததில் யாருடைய குதிகாலோ என் நீச்சல் கண்ணாடியில் பட்டு, இடது பக்கம் உப்புத்தண்ணீர். முதல் மிதவைகூட வரவில்லை, அதற்குள் மூச்சு சின்னச் சின்னதாக வெட்டி வெட்டி வருகிறது. பையனின் சயின்ஸ் ரெக்கார்டில் கையெழுத்து போடாமல் வந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வருகிறது, பாருங்களேன்! மல்லாந்து விட்டேன். காது தண்ணீருக்குள். என் மூச்சுச் சத்தம் மட்டும், மேலே வெளுத்துக்கொண்டு வரும் வானம். இருபது எண்ணியிருப்பேன். கயாக்கில் வந்த பையன், “அக்கா, புடிச்சுக்கோங்க, ஒண்ணும் தப்பில்ல” என்றான். உண்மையிலேயே தப்பில்லை. படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்க விதியில் இடமுண்டு, அதைப் பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. ஃப்ரீஸ்டைல்தான் அடிக்க வேண்டும் என்பதும் இல்லை. மிச்சத்தில் பாதியைத் தவளை நீச்சலில்தான் முடித்தேன்.

அடுத்த கூத்து கரையில். நீச்சலுடைக்கு மேல் சைக்கிள் டைட்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று மடித்து வைத்திருந்தேன். ஈரத் தொடையில் டைட்ஸ் ஏறுமா? முழங்காலுக்கு மேல் சுருண்டு கயிறு மாதிரி நின்றுவிட்டது. மணலில் உட்கார்ந்து, உருண்டு, இழுத்து, மேலே ஏற்றி முடிப்பதற்குள் ஒன்பது நிமிடம் போச்சு. நீங்கள் ட்ரை சூட் என்று விற்பதை வாங்கிவிடுங்கள். நீந்த, மிதிக்க, ஓட எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்பு. கக்கத்திலும் பிரா விளிம்பிலும் வாஸ்லின் தடவுங்கள், இல்லையென்றால் குளிக்கும்போது அலறுவீர்கள். ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம், திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்டில் வைத்த பிறகுதான் பட்டையைக் கழற்றலாம். இதில் தவறினால் தண்டனை உண்டு.

சைக்கிளுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது சாதாரண ஹைப்ரிட். ஞாயிறு விடியலில் ஈசிஆரில் அக்கரையிலிருந்து முட்டுக்காடு பாலம்வரை போய்வந்தாலே கிட்டத்தட்டத் தூரம் வந்துவிடும். டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாளாவது சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள், இதை பிரிக் என்பார்கள். பழகாதவர்களுக்கு முதல் ஒரு கிலோமீட்டர் யாரோ வேறொருத்தியின் காலை மாட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

எனக்குப் போட்டி நாள், மாதவிலக்கின் இரண்டாம் நாளாக வந்து தொலைத்தது. பேட் தண்ணீரில் ஊறிவிடும், வேலைக்காகாது. உள்ளே வைத்துக்கொள்ளும் மென்ஸ்ட்ருவல் கப் பழகியிருந்ததால் தப்பித்தேன். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று மாதம் முன்பே பழகுங்கள்.

இன்னொன்று, பயிற்சி ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை. எனக்கு ஹீமோகுளோபின் 9.6 இருந்தது. அது தெரியாமல் இரண்டு மாதம் ‘எனக்கு ஸ்டாமினாவே இல்லை’ என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்குப் பிறகுதான் மாடிப்படியே மாடிப்படியாகத் தெரிந்தது.

மாடிப்படி என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் சைக்கிள் ஏற்றக்கூடாதாம், அசோசியேஷன் தீர்மானமாம். போன மாதம் ஒருவர் வாஷிங் மெஷினை அதே லிஃப்டில் ஏற்றினார், செயலாளரே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே விட்டால் சீட் காணாமல் போகிறது. மூன்று மாடி, தினமும் தோளில் தூக்குகிறேன்.

வீட்டுப் பேச்சுக்கும் தயாராக இருங்கள். நாத்தனாருக்கு நான் கறுத்துப்போன கவலை. கொழுந்தனார், “ஆம்பளைங்களுக்கே கஷ்டம் அண்ணி” என்றார். 1979ல் ஹவாய் அயர்ன்மேனில் லின் லெமேர் என்று ஒரே ஒரு பெண் இறங்கி, ஆண்களோடு ஓடி மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார் என்று சொன்னேன். “அப்படியா” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாள் கணக்கு கேட்டால், நான் எடுத்துக்கொண்டது ஐந்து மாதம். வாரம் மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம், ஒருநாளாவது முழு ஓய்வு. ஏழில் எட்டு எப்படி என்று கேட்பீர்கள், சைக்கிளும் ஓட்டமும் ஒருநாள் சேர்ந்து வரும்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஊரில் காலை ஆறு மணிக்குப் பெண்கள் பேட்ச் நடத்துகிற குளம் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். சென்னைக்குள் என்றால் நானே வந்து சேர்ந்துகொள்கிறேன்.