சிறுநீரகம், சிறுநீர்ப்பை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டயாலிசிஸ் பிரிவிலும் சிறுநீரக வார்டிலுமாகச் செவிலியராக 22 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இந்த முறை கேட்டிருந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: அக்கா, கிட்னி ரத்தத்தை வடிகட்டுகிறது என்று பள்ளியில் படித்தோம். சல்லடை மாதிரி கசடைப் பிடித்து நிறுத்திவிடுமா? உள்ளே என்னதான் நடக்கிறது?

சல்லடை என்பது பாதிக்கதைதான் தம்பி. மீதிப் பாதிதான் எனக்கு இன்னும் அதிசயமாக இருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகமும் நம் மூடிய கை அளவுதான் இருக்கும். அதற்குள் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் நூல்கண்டு போலச் சுருண்ட நுண்ணிய ரத்தக்குழாய்கள். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எந்நேரமும் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாமே வெளியே கசியும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் உள்ளே தங்கிவிடும். இப்படி ஒரு நாளில் கசிவது சுமார் 180 லிட்டர். நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை, இரண்டு லிட்டர். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? கசிந்த திரவம் நெஃப்ரானின் நீண்ட குழாய் வழியாக ஓடும்போதே உடம்பு தனக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

வீட்டைச் சுத்தம் செய்ய எல்லாச் சாமானையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோவது போல. இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எது கழிவு என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணத் தேவையில்லை. திரும்ப எடுக்காதது எல்லாம் தானாக வெளியே போய்விடும்.

அதன் பிறகு, 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு குழாய்கள் அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளும். படுத்திருந்தாலும் சிறுநீர் பைக்குப் போய்ச் சேருவது அதனால்தான். ரத்த அழுத்தத்தைச் சரிபார்ப்பது, சிவப்பணு உற்பத்திக்குச் சொல்லி அனுப்புவது, வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது எல்லாமும் இதே சிறுநீரகத்தின் வேலைதான். கிட்னி பழுதானவர்களுக்கு ரத்தசோகை வருவது சிவப்பணுவுக்கான அந்தச் செய்தி குறைவதால்தான்.

கேள்வி: தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்கிறார்கள். காலையில் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடிக்கிறேன். சரியா?

அப்படி ஒரே மூச்சில் வேண்டாம். நல்ல சிறுநீரகத்தால்கூட ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் விடாமல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

எத்தனை லிட்டர் என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது. வெயிலில் உழைப்பவருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தேவை எப்படி ஒன்றாகும்? தாகத்தைக் கவனியுங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர் மஞ்சள் என்றால் இன்னும் வேண்டும். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு நாம்தான் நினைவுபடுத்த வேண்டும்.

இன்னொன்று. இதயம் பலவீனமானவர்களும் கிட்னி செயலிழந்தவர்களும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. எங்கள் வார்டுக்கு வந்த ஒரு அம்மா, ஒரு நாளைக்கான தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து ஊற்றி, மதியத்துக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு என்று பேனாவால் போட்டு வைத்திருப்பார். கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்று சின்ன ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு தாகத்தை அடக்குவார். அவரைப் போன்ற ஒருவரிடம் "நிறையத் தண்ணீர் குடி" என்று சொல்வது ஆபத்து.

கேள்வி: எனக்கு வருடத்துக்கு நான்கு முறையாவது நீர்க்கடுப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக். இதைத் தடுக்க இயற்கையாக வழி இல்லையா?

இருக்கிறது அம்மா. முதலில், இது உங்கள் சுத்தக்குறைவால் வருவதாக நினைத்துக் கூனிக்குறுக வேண்டாம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கு 20 செ.மீ. அளவில் இருக்கும். நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை கிருமிக்கு அந்த 4 செ.மீ. ஏறுவது சுலபம். பெரும்பாலான தொற்றுக்கு அதுதான் காரணம்.

நீங்கள் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர் என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். அடிக்கடி தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு வந்த தொற்று மற்றவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிதான். கிருமி பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

இவற்றையும் வழக்கமாக்குங்கள்: மலம் கழித்த பின் முன்னாலிருந்து பின்னால் துடைப்பது, கழுவுவது. தாம்பத்திய உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவது. பிறப்புறுப்புக்குள் வாசனை சோப்பு, ஸ்பிரே எதுவும் போடாமல் இருப்பது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகளை அவை கொன்றுவிடும். மாதவிடாய் நின்றவர் என்றால் மருத்துவரிடம் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீம் பற்றிக் கேளுங்கள். அந்த வயதில் பலருக்கு அது நன்றாகவே உதவுகிறது, கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

கிரான்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழம் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது வாய்ப்பைச் சுமார் கால் பங்கு குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் அது தடுக்கத்தான். எரிச்சல் தொடங்கிவிட்டால் கிரான்பெர்ரியால் குணமாகாது. சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்து எடுங்கள். போன முறை மிச்சம் வைத்த மாத்திரையை மட்டும் போடாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி என்றால் தொற்று கிட்னி வரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஸ்கேனில் 4 மி.மீ. கல் இருக்கிறதாம். பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

இல்லை, திரும்பச் சாப்பிட ஆரம்பியுங்கள். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்பதால் கால்சியத்தை நிறுத்தத் தோன்றுவது இயல்பு. ஆனால் உணவோடு போகும் கால்சியம், உணவிலிருந்தே வரும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும்.

குறைக்க வேண்டியது உப்பை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். இறைச்சியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், வைட்டமின் சி மாத்திரையைத் தேவையில்லாமல் போட வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரேட் கல் சேராமல் தடுக்க உதவும், உப்புப் போடாமல் குடியுங்கள். கல் வந்தவர்களுக்கு மட்டும் நான் லிட்டர் கணக்கு சொல்வேன்: ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டரை லிட்டராவது இருக்க வேண்டும். 5 மி.மீ.க்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வந்தால் பிடித்து வைத்துச் சோதனைக்குக் கொடுங்கள். என்ன வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தடுக்க முடியும்.

கேள்வி: நான் ஆசிரியை. காலையில் போனால் மதியம்வரை அடக்கி வைக்கிறேன். பை கெட்டுவிடுமா?

என்றோ ஒரு நாள் என்றால் ஒன்றும் ஆகாது. பை 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும், பாதி நிறையும்போதே முதல் உந்துதல் வந்துவிடும். தினமும் அடக்கினால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். இதைவிட எனக்குக் கவலை, அடக்குபவர்கள் எல்லோரும் தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள் என்பதுதான். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார். சளி மாத்திரை போட்ட அன்று சிறுநீரே வரவில்லை.

அந்தச் சளி மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்களுக்கு உள்ள புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்க் குழாயைச் சுற்றித்தான் இருக்கிறது, வயதாக வயதாக வீங்கி அழுத்தும். மூக்கடைப்பு, சளி மாத்திரைகள் சில அந்த வழியை இன்னும் இறுக்கிவிடும். மறுபடி சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இரவில் எழுவதற்குப் புராஸ்டேட் மட்டும் காரணம் அல்ல. கால் வீக்கம் இருக்கிறதா பாருங்கள். பகலில் காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகும். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொல்லுங்கள். மூன்று நாளைக்கு எப்போது, எவ்வளவு போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு இருமினாலே கசிகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் வேண்டாம் அம்மா, நிறையப் பேருக்கு இருக்கிறது, சரியும் ஆகும். 1948-ல் ஆர்னால்ட் கீகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் எழுதிய பயிற்சி இன்றைக்கும் முதல் சிகிச்சை. காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்தசையை மேலே இழுத்து 5 நொடி பிடித்துவிட்டு, 5 நொடி தளர விடுங்கள். 10 முறை, ஒரு நாளில் மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கிட்னியைச் சுத்தப்படுத்தும் மூலிகைப் பொடி வாங்கலாமா? இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதே?

வாங்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கிட்னி கெட்டுப்போனது. அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கியா வகைத் தாவரம்தான் காரணம். பலருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதுவும் இயற்கைதான்.

வலி மாத்திரையும் அப்படித்தான். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வயிற்றுப்போக்கு, வாந்தியில் உடம்பு வறண்டிருக்கும்போது அவற்றைத் தொடவே கூடாது. நான் ஊசி குத்தி டயாலிசிஸ் மெஷினில் இணைத்தவர்களில் எத்தனையோ பேர் மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டவர்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: கிரியாட்டினின் நார்மல். அப்படியென்றால் கவலை இல்லைதானே?

கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அந்த ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. கிட்னி பாதியளவு பழுதாகும்வரைகூட கிரியாட்டினின் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை. பரிசோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து எடுத்தால், புரதம் கசிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் மஞ்சள் கட்டம் மெல்லப் பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்த்த கட்டத்திலேயே சர்க்கரை, அழுத்தம், உப்பு மூன்றையும் கட்டுக்குள் கொண்டுவந்தால் பல வருடங்களை மீட்டுவிடலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்.

கேள்வி: போன வாரம் ஒருமுறை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, மறுநாள் சரியாகிவிட்டது. வயது 56, புகைப்பழக்கம் உண்டு. விட்டுவிடலாமா?

விடக் கூடாது ஐயா. முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் அப்படிப் போகலாம். ஆனால் அது பீட்ரூட்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வலியில்லாமல் வந்து தானாக நின்றுபோகும் ரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம், அதற்குப் புகைதான் மிகப் பெரிய காரணம். புகையில் உள்ள நச்சைக் கிட்னி வடித்துப் பைக்கு அனுப்பும், அது அங்கே மணிக்கணக்கில் தங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகவே குணப்படுத்தலாம். நாளைக்கே சிறுநீர்ப் பாதை மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள், ஸ்கேன் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.