கழலாத போல்ட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லாரியின் கமான் பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப்பிடிக்கும் யூ போல்ட்டின் நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாளாக எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பார்த்துவிட்டேன். அடுத்து என்ன?

வெட்டி எறியுங்கள். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. முதல் தடவை முறுக்கும்போதே அது இழுபட்டிருக்கும், மறையும் (திருகுப் புரி) கொஞ்சம் உருமாறியிருக்கும். மறுபடி முறுக்கினால் பழைய பிடி கிடைக்காது. எப்படியும் குப்பைக்குப் போகிற சாமானுக்கு இரண்டு நாள் எதற்கு?

கிரைண்டரோ கேஸ் கட்டரோ, கையில் இருப்பது போதும். கேஸ் என்றால் தீ பட்டை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை பதம் ஏற்றிய எஃகு. ஓரிடத்தில் சிவக்கக் காய்ந்தால் அங்கே பதம் போய்விடும், பிறகு லோடில் அங்கேயே ஒடியும். வெட்டும் முன் சேஸிஸுக்குத் தனியாகவும் ஆக்ஸிலுக்குத் தனியாகவும் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

புதிய யூ போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு லோடு ஓடி வந்ததும் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சை மறுபடி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும்.

கமான் பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டில் நட்டு சுலபமாக வந்துவிட்டது. ஆனால் போல்ட்டு வெளியே வரவில்லை. ஸ்பேனர் போட்டால் கொஞ்சம் திரும்பிவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிறது. சம்மட்டியால் அடித்தால் துள்ளுகிறது. ஏன்?

துள்ளுகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பட்டை நுனியின் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஓர் எஃகுக் குழாய் உண்டு. போல்ட்டு அதற்குள்தான் போகிறது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளியில் அந்தத் துரு திணிந்து, இரண்டும் ஒரே உருப்படியாகிவிட்டன. நீங்கள் ஸ்பேனர் போடும்போது திரும்புவது போல்ட்டு அல்ல, ரப்பர்தான் முறுகுகிறது. கையை எடுத்ததும் திரும்பி வருகிறது. சம்மட்டி அடியையும் அதே ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. எண்ணெயும் அந்த நீளக் குழாயின் நடுப்பகுதிவரை போய்ச் சேராது.

நான் செய்வது இது. நட்டைத் திரும்பப் போட்டு, போல்ட் முனையோடு சமமாக நிற்கும் அளவுக்குத் திருகுவேன், அடிபட்டு முனை விரியாமல் இருக்க. அப்புறம் கனமான சம்மட்டியால் நேராக நாலைந்து அடி. ஏர் ஹேமர் இருந்தால் கால் மணி நேரம் அதிரவிடுவேன். சிவப்புத் தூள் ஓரத்தில் உதிர ஆரம்பித்தால் நம்பிக்கை உண்டு. உதிரவில்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் அடித்தால் வளைவது போல்ட்டு இல்லை, அதைத் தாங்கும் பிராக்கெட்டின் காதுகள். போல்ட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை, பிராக்கெட்டை மாற்றுவதுதான் பெரிய வேலை.

பிறகு ரம்பம்தான். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பிளேடு நுழையும் அளவு இடம் இருக்கும். இரண்டு பக்கமும் அங்கே அறுத்து, போல்ட்டையும் புஷ்ஷையும் சேர்த்துக் கழித்துவிடுங்கள். இந்த இடத்தில் மட்டும் தீ வைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் வைத்தேன். எண்ணெயில் ஊறிய ரப்பர் பிடித்துக்கொண்டது. உருகிச் சொட்டியதில் சட்டைக் கை போயிற்று, கை தப்பியது அதிர்ஷ்டம். போல்ட்டு அப்போதும் வரவில்லை.

புதியது போடும்போது போல்ட்டின் உடம்பில் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசை மெல்லியதாகத் தடவுங்கள். கடைசி முறுக்கு, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான். தொங்கவிட்ட நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே ஓடி, சீக்கிரம் கிழியும்.

சூடாக்கினால் கழலும் என்கிறார்கள். எதை, எவ்வளவு?

நட்டை. போல்ட்டை அல்ல. நட்டு விரிய வேண்டும், போல்ட்டு விரியக்கூடாது. 20 மில்லிமீட்டர் துளையின் சூட்டை 300 டிகிரி ஏற்றினால் அது சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். கேட்க அற்பம், துருவின் பிடியை உடைக்க அது போதும். போல்ட்டுக்குச் சூடு ஏறும் முன் வேகமாகக் காய்ச்சித் திருப்புங்கள். கொஞ்சம் ஆறியதும் மெழுகுத்திரியை மறையில் ஒற்றினால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள், சில எஃகு வகைகள் அதில் கெட்டித்துக் கண்ணாடிபோல் உடையும்.

இதைவிட முக்கியம்: பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைக் காய்ச்சக்கூடாது. குளோரின் கலந்த வகையென்றால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். பக்கத்தில் பிரேக் ஹோஸ், வயர், டீசல் டேங்க் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். சூடு கண்ட போல்ட்டும் நட்டும் மறுபடி வண்டியில் ஏறக்கூடாது.

ஸ்பேனரில் நீளப் பைப் மாட்டி இழுக்கலாமா?

இழுக்கலாம், ஆனால் கையில் கவனம் இருக்கட்டும். 70 கிலோ ஆள் ஒன்றரை மீட்டர் பைப்பில் முழு எடையோடு தொங்கினால் ஏறக்குறைய 1,000 நியூட்டன் மீட்டர். பல போல்ட்டுகளுக்கு அது அதிகம். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அசைவு கொடுங்கள், பிறகு கழற்றும் பக்கம். ‘டக்’ என்று விட்டாலோ ‘கிரீச்’ என்று முனகினாலோ நல்ல செய்தி. சத்தமே இல்லாமல் ரப்பர்போல மெத்தென்று திரும்பினால் போல்ட்டு முறுகுகிறது, அடுத்த அரைச் சுற்றில் ஒடிந்துவிடும். அங்கே நிறுத்தி எண்ணெய், சூடு, அதிர்வு என்று திரும்ப வாருங்கள். நட்டின் மூலை மழுங்காமல் இருக்க ஆறு பட்டை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு பட்டை வேண்டாம்.

போல்ட்டு ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஒடிந்த முண்டைத் துளைத்துத் திருப்பி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் வாங்கட்டுமா?

துருவில் இறுகி ஒடிந்ததென்றால் வேண்டாம். முழு போல்ட்டே திரும்பாத இடத்தில் அதைவிட ஒல்லியான கருவி எப்படித் திருப்பும்? அது உள்ளே ஒடிந்தால், கெட்டி எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் ஏறாது. மீந்த முண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்யுங்கள். அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். ஒரே தடவையில் வராது, மூன்று நான்கு நட்டு போகும்.

இனி துருவே வேண்டாம் என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போடலாமா?

கூடாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவிசை வலிமை 700 மெகாபாஸ்கல். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுக்கு 800, 10.9 என்றால் 1,000. பழைய போல்ட்டின் தலையில் என்ன எண் இருந்ததோ அதையே போடுங்கள்.

வலது பக்கச் சக்கர நட்டெல்லாம் கழன்றுவிட்டன. இடது பக்கம் ஒன்றுகூட அசையவில்லை. துருவா?

நட்டு ஏறி நிற்கும் ஸ்டட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சில லாரிகளில் இடது பக்கம் எதிர்ப்புரி மறை, அதாவது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பெரும்பாலும் ஆங்கில ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். இருந்தால், இவ்வளவு நேரமும் நீங்கள் இறுக்கிக்கொண்டுதான் இருந்தீர்கள். பைப் மாட்டி இழுத்த ஸ்டட்டுகளை மாற்றிவிடுங்கள்.