ஆய்வு அனுபவம் இல்லாமல் வெளிநாட்டில் பொருளியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புக் கற்கையில் மூன்றாம் வருடம் படிக்கும் மாணவி. ஆய்வு உதவியாளராக வேலை செய்ததில்லை, சஞ்சிகை எதிலும் கட்டுரை வந்ததில்லை, இந்த நிலைமையில் முதுமாணிக்கோ (மாஸ்டர்ஸ்) கலாநிதிக்கோ (பி.எச்.டி.) விண்ணப்பித்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறார்.

பார்ப்பார்கள் தங்கச்சி, தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. நானும் உங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கலைப்பீடத்தில் படித்துவிட்டுத்தான் கனடாவில் முதுமாணி செய்தேன். இப்போது எங்கள் பிள்ளைகள் சிலரின் விண்ணப்பங்களை வருடாவருடம் வாசித்துக் கருத்துச் சொல்கிறேன். நான் பார்த்தவரையில் ஆய்வு அனுபவம் இல்லாததால் தட்டுப்பட்டவர்களைவிட, கணிதம் போதாமல் தட்டுப்பட்டவர்களே அதிகம்.

அமெரிக்காவில் கலாநிதிப் படிப்பின் முதல் வருடம் முழுக்க வகுப்புத்தான்: நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்). அதன் முடிவில் ஒரு கடும் பரீட்சை. அதில் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்குமா என்பதுதான் தேர்வுக்குழுவின் முதல் கவலை. உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தில் அவர்கள் தேடுவது நுண்கணிதம், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, முடிந்தால் ரியல் அனாலிசிஸ். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து வந்த பிள்ளைகளிடம் இவை பெரும்பாலும் இருக்காது. மேற்படிப்பு அனுமதிக்குக் கேட்கும் ஜி.ஆர்.ஈ. பரீட்சையின் கணிதப் பகுதிக்குப் புள்ளிகள் 130 இலிருந்து 170 வரை. அது பெரும்பாலும் பாடசாலைக் கணிதம். 170க்குக் கிட்ட எடுக்கத்தான் வேண்டும், ஆனால் எடுத்துவிட்டால் கணிதம் தெரியும் என்று யாரும் நம்பிவிட மாட்டார்கள்.

அதற்கு வழி இருக்கிறது. விஞ்ஞானபீடத்துக் கணிதத்துறை உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. விரிவுரையில் வந்து இருக்கலாமா என்று நேரே போய்க் கேளுங்கள். அத்தோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் வளர்ச்சிப் பொருளியல் பாடங்கள் இணையத்தில் உண்டு. 2019 இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதில் படிப்பிக்கிறார்கள். படிப்பது இலவசம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெறத்தான் காசு. அதுவும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் குறைத்துத் தருகிறார்கள்.

சரி, ஆய்வுக்கு வருவோம். இறுதி வருடத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுவீர்கள் அல்லவா? அதுதான் உங்கள் ஆய்வு அனுபவம். எங்கள் ஊர் வழக்கம், நூறு பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்து, வீதம் கணித்து, வட்ட வரைபு கீறி முடிப்பது. அதை விட்டுவிட்டு ஒரேயொரு கேள்வியை எடுத்து அடிவரைக்கும் போங்கள்.

உதாரணத்துக்கு எங்கள் கடல். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் இந்திய றோலர்களின் (இழுவைப் படகுகளின்) தொல்லை இந்தப் பக்கம் அடங்கியிருக்கும். அந்நாட்களில் குருநகரிலும் மாதகலிலும் எத்தனை கிலோ கூடுதலாகப் படுகிறது, விலை எவ்வளவு இறங்குகிறது? வெறுமனே தடைக்கு முன், பின் என்று பார்த்தால் பிழைக்கும், ஏனென்றால் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் கடலே மாறிவிடும். ஆனால் இந்தத் தடை முன்பு 45 நாள்தான், மே கடைசியோடு முடிந்துவிடும். 2017 இல்தான் 61 நாளாக்கினார்கள். அதாவது ஜூன் முதல் இரண்டு வாரமும் 2016 வரைக்கும் றோலர் வந்த நாட்கள், அதற்குப் பிறகு வராத நாட்கள். அதே மாதம், அதே காற்று. இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலையே தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் காணும் மாற்றம் அதனால் வந்ததாகவும் இருக்கலாம். அந்தச் சட்டம் வருடம் முழுவதுக்கும் பொது என்பதால், ஜூன் முற்பாதியை அதே ஜூனின் பிற்பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டையும் ஓரளவுக்குப் பிரிக்கலாம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போய்த் தலைவரிடம் முறையாகக் கதைத்து, பழைய கொப்பிகள் இருந்தால் பார்க்கக் கேளுங்கள். திகதி, மீன் வகை, கிலோ, ஏலத்தில் கூறின விலை எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, இரவிரவாக இருந்து கணினியில் ஏற்றி, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஆர் இலவசம். வித்தியாசம் ஒன்றுமில்லை என்று விடை வந்தாலும் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் நான் காணாத வேறு ஓட்டைகளைக் காட்டுவார். அந்த ஓட்டைகளை அடைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் தேர்வுக்குழு வாசிக்க விரும்பும்.

வடக்கில் இருந்து கொண்டு இப்படியொரு கேள்வி கேட்பதற்குத் தனிப் பெறுமதி இருக்கிறது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் யாழ்ப்பாணத்தில் எண்ணவேயில்லை. வீட்டு வருமான செலவின ஆய்வும் எல்லா மாவட்டங்களையும் சேர்த்து நடந்தது 2012/13 இல்தான். ‘இலங்கை’ என்று தலைப்புப் போட்டு வந்த எத்தனையோ ஆய்வுகளில் நாங்கள் இல்லை. இந்த இடைவெளியை, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கூற்றில் இரண்டு வரியில் சொல்லுங்கள். சிறுவயது முதலே பொருளியலில் ஆர்வம் என்று தொடங்கும் பந்தியை எடுத்துவிடுங்கள், அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

இன்னொன்று. உங்களில் பலர் லீவு நாட்களில் கணக்கெடுப்பு வேலைக்குப் போகிறீர்கள், கையில் டேப்லட்டோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வீடு வீடாக. அதை ஆய்வு அனுபவம் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள்! மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் கூலி வேலைக்குப் போகிறவரால் சொல்ல முடியாது, போன கிழமை எத்தனை நாள் வேலை, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கேட்டால் கணக்கு வரும். வெளிநாட்டுக் காசு வருகிறதா என்று கேட்டால், அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இல்லை என்பார்கள். தரவு எங்கே பிழைக்கிறது என்று கண்ணால் கண்ட ஒருவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருக்கிறது.

சிபாரிசுக் கடிதம்தான் எங்கள் பிள்ளைகள் மிகவும் கோட்டை விடும் இடம். விரிவுரையாளரிடம் போகப் பயந்து கடைசி நேரத்தில் கேட்பார்கள், அவரும் ‘ஒழுக்கமானவர், ஒழுங்காக விரிவுரைக்கு வருபவர்’ என்று எழுதிக் கொடுப்பார். அந்தக் கடிதத்தால் பயனில்லை. ‘நான் காட்டிய பிழையைத் தானே இன்னொரு முறையில் சோதித்துக்கொண்டு அடுத்த கிழமை வந்தார்’ என்று எழுதினால் அந்த ஒரு வரியே போதும். அப்படி எழுத அவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இப்போதிருந்தே வேலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏச்சு விழுந்தாலும் காட்டுங்கள். கடிதம் கேட்கும்போது, அவரோடு செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது? அமெரிக்காவில் இளமாணியோடு நேரே கலாநிதிக்குப் போகலாம், இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். ஆனால் முன்னணி இடங்களுக்கு ஓரிரு வருடம் முழுநேர ஆய்வு உதவியாளராக இருந்தவர்கள் போட்டிக்கு வருகிறார்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் கலாநிதிக்கு முன் முதுமாணி கேட்பது வழக்கம். உங்கள் நிலையில் நான் முதலில் முதுமாணியைத்தான் பார்ப்பேன். கனடாவில் பல இடங்களில் ஒரே வருடம். டெல்லியில் உள்ள தெற்காசியப் பல்கலைக்கழகம் சார்க் நாட்டுப் பிள்ளைகளுக்காகவே உருவானது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களை யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலேயே விசாரிக்கலாம். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலைப் பிறகு பாருங்கள், அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம், 2,800 மணித்தியாலம் வேண்டும். படித்து முடித்து ஒரு வருடம் கொழும்பில் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். தமிழ் தெரிந்து, வடக்கும் தெரிந்த ஆள் அங்கே தேவை.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் நடுப்பகுதியோடு மூடும். ஜூனிலேயே ஜி.ஆர்.ஈ. எழுதிவிட்டால் திரும்ப எழுதவும் காலம் இருக்கும். கடிதம் செப்டெம்பரில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் எங்கள் காசுக்குப் பெரிய தொகை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வீர்களா என்று விண்ணப்பிக்க முன் ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், கேட்பவர்களுக்குச் சில இடங்கள் தருகின்றன. நோக்கக் கூற்று எழுதியதும் இங்கேயே செய்தி அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.