லோடர் மெல்ல ஏறினால் உடனே பம்பைக் கழற்றாதீர்கள்

டிராக்டர் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது 27 குதிரைத்திறன் சின்ன டிராக்டர். முன்னால் லோடர் மாட்டி கண்மாய் வண்டல் அள்ளுகிறோம். காலையில் பக்கெட் நன்றாகத்தான் ஏறுகிறது. ஒரு மணி நேரம் ஓடியதும் ஆமை வேகம்தான். பின் லிஃப்டும் கூடவே சோம்புகிறது. ஆயில் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. பம்ப் போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– உச்சிப்புளி வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப் தேய்ந்திருக்கவும் கூடும். ஆனால் சூடானதும் மந்தமாவதற்கு அது ஒன்றே காரணமல்ல. லோடரும் பின் லிஃப்டும் சேர்ந்தே சோம்புவதால் சிலிண்டர் சீல்களை விட்டுவிடுங்கள். ஆயில், சம்ப்பிலிருந்து (ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி) பம்புக்கு வரும் உறிஞ்சு குழாய், ஃபில்டர், பம்ப், லோடர் வால்வில் உள்ள ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு), இந்த ஐந்துக்குள்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் கைபேசியில் நேரம் பாருங்கள். பக்கெட் காலியாக இருக்கட்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடவிட்டு, தரையிலிருந்து முழு உயரம் போக எத்தனை நொடி ஆகிறது என்று காலையில் ஒருமுறை, சூடான பிறகு ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆக வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். தூக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., ராடு (உள்ளிருந்து நீளும் தண்டு) நீளும் தூரம் 500 மி.மீ. என்றால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 980 மில்லி ஆயில் பிடிக்கும், இரண்டுக்கும் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்ப் அதை ஆறு நொடியில் நிரப்பிவிடும். உங்களுக்கு 15 நொடி ஆகிறதென்றால் நிமிடத்துக்கு 8 லிட்டர்தான் வந்து சேருகிறது, மீதி 12 லிட்டர் எங்கோ தடைபடுகிறது அல்லது ஒழுகித் திரும்புகிறது. உங்கள் சிலிண்டர் அளவையும் கையேட்டில் உள்ள பம்ப் அளவையும் வைத்து இதேபோல் கணக்கிடுங்கள்.

அடுத்தது, தடையா ஒழுக்கா என்று பிரிப்பது. வண்டி சூடாக இருக்கும்போதே 1500 சுற்றில் ஒருமுறை, 2200 சுற்றில் ஒருமுறை தூக்குங்கள். ரெய்ஸ் கூட்டியும் வேகம் கூடாமல் பம்பிலிருந்து 'ஙொய்' என்ற ஊளை மட்டும் ஏறினால், பம்புக்கு ஆயில் போதவில்லை, உறிஞ்சு பக்கம் அடைப்பு. ரெய்ஸ் கூட்டினால் வேகமும் கூடுகிறது, ஆனால் மண் நிரம்பிய பக்கெட்டுக்கு மட்டும் படுத்துவிடுகிறது என்றால் உள்ளுக்குள் ஒழுக்கு. தேய்ந்த பம்பும் சரியாக மூடாத ரிலீஃப் வால்வும் இந்த இரண்டாவது வகை.

இந்த இரண்டு சோதனைக்கும் சல்லிக்காசு செலவில்லை. பம்ப் வாங்கும் முன் இதைச் செய்யாதது அநியாயம்.

உங்கள் விஷயத்தில் எங்கள் முதல் சந்தேகம் உறிஞ்சு குழாய் மேல்தான். உள்ளூர்ப் பட்டறையில் லோடர் மாட்டும்போது, கிணற்று மோட்டாருக்குப் போடும் பச்சைக் குழாயையோ சாதாரண ரப்பர் ஹோஸையோ இந்த இடத்தில் போட்டுவிடுவதுண்டு. குளிர்ந்திருக்கும்போது அது விறைப்பாகத்தான் இருக்கும். ஆயில் 60 டிகிரியைத் தாண்டியதும் இளகி, பம்ப் இழுக்கும் இழுப்பில் சப்பி ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் பழையபடி உருண்டுவிடுவதால் நின்ற வண்டியில் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் ஓடும்போது, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்ட நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே ரப்பர் படலம் உரிந்து நாக்குப் போல வழியை மூடுவதும் உண்டு. கழற்றி ஒரு முனையில் விளக்கை வைத்து மறு முனையில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் தாங்கும், உள்ளே சுருள் கம்பி வைத்த உறிஞ்சு ஹோஸ்தான் இந்த இடத்துக்கு ஆகும். விட்டத்தைக் குறைக்காதீர்கள்.

குழாய் சரியென்றால் ஃபில்டர். வெளியே திருகும் ஃபில்டரை மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். பல வண்டிகளில் சம்ப்புக்குள் கம்பி வலை வடிகட்டி ஒன்று தனியாக இருக்கும், அதை ஆயில் மாற்றும்போதும் யாரும் தொடுவதில்லை. கழற்றி டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துப் போடுங்கள். வலையில் பித்தளை நிறத்தில் மினுக்குத் தூள் தெரிந்தால் பம்பின் தகடோ புஷ்ஷோ தேய்கிறது என்று பொருள். கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் ஹோஸ் அல்லது சீல்.

ஆயில் அளவைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. பக்கெட் தரையில், பின் லிஃப்ட் கீழே, வண்டி சமதளத்தில். தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் அதிகமாகிவிடும். இன்னொன்று: லோடரை டிராக்டரின் சம்ப்போடு இணைத்த அன்று, தூக்க இரண்டு, பக்கெட்டைக் கவிழ்க்க இரண்டு என நான்கு சிலிண்டரும் ஹோஸ்களும் சில லிட்டர் ஆயிலைக் குடித்திருக்கும். அன்று அதை ஈடுகட்டாத வண்டிகள் ஏராளம். கண்மாய்க் கரையில் ஏறும்போது மட்டும் லோடர் திணறினால் இதுதான் காரணம்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்ட வேண்டும். 250 பார் வரை காட்டும் கேஜைப் பம்ப் வெளியேறும் லைனில் வைத்து, சிலிண்டர் முட்டும்வரை லீவரைப் பிடித்து ஐந்து நொடிக்குள் விட்டுவிடுங்கள். உங்கள் கையேடு சொல்லும் அழுத்தம் சூட்டிலும் வந்து நின்றால் பம்ப் நல்ல பம்ப். வராவிட்டால் முதலில் ரிலீஃப் வால்வைக் கழற்றி, உட்காரும் இடத்தில் மணல் சிக்கியிருக்கிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால் மெக்கானிக் சொன்னதே சரி. பம்பைப் பிரித்து, கியர் சுழலும் உள்சுவரை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கோடு இருந்தால் சீல் கிட் போட்டுப் பயனில்லை, புதுப் பம்ப்தான். மாட்டும்போது உள்ளே ஆயில் ஊற்றி, முதல் மூன்று நிமிடம் சுமையில்லாமல் மெதுவாக ஓட விடுங்கள்.

ஹோஸ் எதைக் கழற்றினாலும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை நாலு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகே ஸ்பேனரை வையுங்கள். ஊசித்துளை ஒழுக்கைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்த வேகத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சிறு புள்ளிதான். விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனை.

கேள்வி: ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை ஒரு சுற்று முறுக்கினால் லோடர் வேகமாகும் என்கிறார்களே?
– சாயல்குடி வாசகர்

பதில்: ஆகாது. வேகம் லிட்டர் கணக்கு, அதைக் கொடுப்பது பம்பும் எஞ்சின் சுற்றும். ரிலீஃப் வால்வு எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. கேஜ் இல்லாமல் ஒரு சுற்று முறுக்கினால் பல பத்து பார் ஏறிவிடக்கூடும். ஹோஸ் வெடிக்கும், பம்ப் முன் மூடி பிளக்கும், லோடர்க் கை வளையும். தூக்கவே மறுக்கிறது என்றால் பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஈர வண்டல் ஒரு கன மீட்டர் 1.8 டன் அளவுக்கு வரும். கால் கன மீட்டர் கூடப் பிடிக்காத பக்கெட்டில், 0.2 கன மீட்டர் அள்ளினாலே 360 கிலோ. சின்ன வண்டிக்கு அது பெரிய சுமை.

கேள்வி: உப்பளத்தில் ஓடும் வண்டி. லோடர் சிலிண்டர்களில் சீல் கிட் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது. இப்போது ஆயிலும் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது, தூக்கும்போது பக்கெட் குலுங்குகிறது.
– வாலிநோக்கம் வாசகர்

பதில்: குற்றம் சீல் மேல் இல்லை, ராடு மேல். ராடைத் துடைத்து, பழைய நைலான் துணியை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடமெல்லாம் குரோம் பூச்சு பொரிந்து குழி விழுந்த இடம். உப்புக் காற்று அதைத்தான் செய்யும். ராடு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அந்தக் குழி அரம் போலச் சீலைச் சீவுகிறது, குழியில் தேங்கிய உப்புநீரையும் உள்ளே எடுத்துப் போகிறது. ஒன்றிரண்டு மேடு மட்டும் என்றால் எண்ணெய்க் கல்லில் தேய்த்து மழுக்கலாம். சொரசொரவென்று பரவிவிட்டால் ராடைக் கழற்றி ஹார்டு குரோம் பூசிக் கொடுக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் குரோம் ராடு வாங்கி லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். அதற்கு முன் இன்னொரு சீல் கிட் வாங்குவது காசைக் கடலில் போடுவது.

ஆயில் வெளுத்தது தண்ணீரால்தானா, காற்றாலா என்று பார்க்க, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காற்று நுரை என்றால் காலையில் தெளிந்திருக்கும். வெளுப்பு மாறாவிட்டாலும் அடியில் நீர் தங்கினாலும் தண்ணீர். சூடான தோசைக்கல்லில் இரண்டு சொட்டு விட்டால் படபடவென்று வெடிப்பதும் அதே அடையாளம். குலுங்குவது காற்றால். உறிஞ்சு குழாய்க் கிளிப்புகளில் கிரீஸ் தடவிப் பாருங்கள், எந்தக் கிளிப்பில் தடவியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று இழுக்கிறது.

தண்ணீர் கலந்த ஆயிலை ஒருமுறை மாற்றினால் தீராது. எல்லா ராடையும் உள்ளே இழுத்து நிறுத்தினாலும் ராடு பக்கத்தில் ஆயில் நின்றுகொண்டே இருக்கும். முதல் பதிலில் சொன்ன சிலிண்டர் அளவில் ராடின் விட்டம் 30 மி.மீ. என்றால் தூக்கும் சிலிண்டர் இரண்டில் மட்டும் ஒன்றே கால் லிட்டர். ஆகவே வடித்து, புது ஃபில்டர் போட்டு, அதே தர ஆயில் ஊற்றி ஒரு நாள் ஓட்டி, மறுபடி வடியுங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை, டிப் ஸ்டிக் ஓ ரிங், கியர் லீவர் ரப்பர் மூன்றையும் பாருங்கள், தண்ணீர் பாய்ச்சிக் கழுவும்போது அந்த வழியாகவும் உள்ளே போகும். உவர் கிணற்றுத் தண்ணீரில் கழுவி அப்படியே விடுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். கடைசி இரண்டு குடமாவது நல்ல தண்ணீராக ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும் லோடர்க் கையை முழுதாகக் கீழே இறக்கி, பக்கெட்டைப் பின்னால் மடக்கி நிறுத்துங்கள். பெரும்பாலான லோடர்களில் அப்போதுதான் நான்கு ராடும் உள்ளே போகும். எதாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கிரீஸ் பூசி, மறுநாள் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். துடைக்காமல் ஓட்டினால் கிரீஸில் ஒட்டிய மணல் சீலுக்குப் போகும்.

கேள்வி: தூக்குவது சரியாக இருக்கிறது. பக்கெட்டைக் கவிழ்ப்பது மட்டும் மெதுவாக இருக்கிறது. – தேவிபட்டினம் வாசகர்

பதில்: கவிழ்க்கும் சிலிண்டர்களுக்குப் போகும் இரண்டு ஹோஸின் குயிக் கப்ளரை (தள்ளி மாட்டும் இணைப்பு) பாருங்கள். துருப்பிடித்தோ மணல் அடைத்தோ முழுதாக உட்காராமல், உள்ளே இருக்கும் குண்டு பாதி மூடியிருக்கும். கழற்றி, டீசலில் கழுவி, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை தள்ளி மாட்டுங்கள். பல வண்டிகளுக்கு இத்தோடு தீரும். மடங்கிய ஹோஸும் இதையே செய்யும்.

கேள்வி: லோடருக்கு எஞ்சின் ஆயில் ஊற்றலாமா? – தொண்டி வாசகர்

பதில்: லோடருக்குத் தனி டேங்க், தனிப் பம்ப் என்றால் ஹைட்ராலிக் ஆயில்தான். நம் பக்க வெயிலுக்கு 68 தரம் பொருந்தும், பம்ப் கையேடு 46 என்று சொன்னால் 46. டிராக்டரின் கியர் பெட்டி ஆயிலையே லோடரும் எடுக்கிறது என்றால் கையேட்டில் உள்ள டிராக்டர் ஆயில் மட்டுமே, ஏனென்றால் ஆயிலில் முழுகிய பிரேக்குகளும் அதே ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. வேறு ஆயில் ஊற்றினால் லோடர் ஓடும், பிரேக் கிறீச்சிடும், பிடிக்காமலும் போகும்.