சொந்தக் காசில் வாங்கிய ‘போஷ்’ சான்றிதழ் செல்லுமா?

கேள்வி: ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சேரும்போதே ‘போஷ்’ எனப்படும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள். ஆன்லைனில் 1,200 ரூபாய் கட்டி, ஒரு மணி நேர வகுப்பை முடித்துக் கொடுத்தேன். இப்போது ‘இது செல்லாது, நாங்கள் சொல்லும் இடத்தில் படியுங்கள்’ என்கிறார் ஹெச்.ஆர். மேடம். கலிபோர்னியாவில் இருக்கும் அக்கா, அங்கே ஆன்லைன் சான்றிதழை ஏற்பார்கள் என்கிறாள். மறுபடியும் பணம் கட்ட வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கட்டாதீர்கள். முதல் தடவையே உங்களைக் கட்ட வைத்திருக்கக் கூடாது.

அக்கா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. கலிபோர்னியாவில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊழியருக்கு 1 மணி நேரமும் மேற்பார்வையாளருக்கு 2 மணி நேரமும் பயிற்சி தர வேண்டும். மாநில அரசே இலவசமாக ஆன்லைன் வகுப்பு வைத்திருக்கிறது. சட்டம் மணிக்கணக்கு கேட்பதால், முடித்ததற்கு அத்தாட்சி தேவைப்படுகிறது.

நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் மணிக்கணக்கும் இல்லை, ஊழியர் வாங்கிவர வேண்டிய சான்றிதழும் இல்லை. 19-வது பிரிவு, முதலாளி செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. குறிப்பிட்ட இடைவெளிகளில் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது அதில் ஒன்று. ஆண்டறிக்கையிலும் நிறுவனம் எத்தனை பயிற்சி நடத்தியது என்றுதான் எழுத வேண்டும். உங்கள் கையில் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அந்தக் கடமை தீராது. முதல் சான்றிதழ் செல்லாது என்றால், அவர்கள் சொல்லும் இடத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் இரண்டாவதும் அதே கதைதான்.

ஆன்லைனில் படித்ததில் தவறில்லை, சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவான அந்த வகுப்பு, உங்கள் அலுவலகத்தில் யாரிடம் போய்ச் சொல்வது என்று சொல்லித் தராது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஏதாவது நடந்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு பெண்ணுக்கு அவசரத்தில் வேண்டியது இந்த விவரங்கள்தான். ஒட்டியிருக்கிறார்களா, பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. உங்களிடம் சான்றிதழ் கேட்டவர்கள், தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு என்ன செய்திருக்கிறார்கள்? வடமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கில வீடியோவைப் போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் அதைப் பயிற்சி என்று நான் ஏற்க மாட்டேன். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சரி, புதிதாகச் சேர்ந்தவர் எப்படிக் கேட்பது? சண்டை வேண்டாம், ஒரு மெயில் போதும். ‘மேடம், கம்பெனி நடத்தும் பயிற்சியில் கலந்துகொள்ளத் தயாராக இருக்கிறேன். அது எப்போது என்று சொல்லுங்கள். நம் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் தொடர்பு எண்ணும் வேண்டும்’ என்று எழுதுங்கள். நீங்கள் கட்டிய 1,200 ரூபாய்க்கான ரசீதையும் அதிலேயே இணைத்து, கம்பெனி கேட்டதால் செலவு செய்தது, திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள்.

குழுவே இல்லை என்று தெரிந்தால், அதற்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒருவேளை முதலாளி மீதே புகார் என்றாலோ, பத்துப் பேருக்கும் குறைவான இடம் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அங்கே யாரும் உங்களிடம் பயிற்சிச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.