வாசனை தெரியவில்லையா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சளிக்காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகிறது டாக்டர். மல்லிகைப்பூ மணம்கூடத் தெரியவில்லை. விக்ஸ் மட்டும் சுள்ளென்று ஏறுகிறது. அப்படியென்றால் நரம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: விக்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சுள்ளென்ற குளிர்ச்சியை உணர்த்துவது முகத்தின் தொடு உணர்வு நரம்பு. மண நரம்பு வேறு. கண்ணை மூடிக்கொண்டு காபித்தூளை முகர்ந்து பாருங்கள், உண்மை தெரியும். வைரஸால் அடிபட்ட மண செல்கள் மறுபடி முளைக்கக்கூடியவை, ஆனால் மாதக்கணக்காகும். முகர்வுப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: பயிற்சியை எப்படிச் செய்வது?

பதில்: ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய்கள் வேண்டும். இறுக மூடும் நான்கு சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு விடுங்கள். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. ஒவ்வொரு புட்டியையும் 15, 20 விநாடி மெல்ல முகர வேண்டும். இழுத்து உறிஞ்சக் கூடாது, எண்ணெய் மூக்கில் படவும் கூடாது. கிராம்பை முகரும்போது பிரியாணிக்குத் தாளிக்கிற சட்டியை மனதில் கொண்டுவாருங்கள். அந்த நினைவும் பயிற்சிதான். குறைந்தது 12 வாரம், முடிந்தால் ஆறு மாதம். மூன்றே வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பலருக்குக் கெடுகிறது. எண்ணெயின் மணம் குறைந்தால் பஞ்சை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு கோவிட் வந்துபோன பிறகு காபியும் வெங்காயம் வதக்குவதும் சாக்கடை மாதிரி நாறுகிறதாம். சாப்பாட்டையே ஒதுக்குகிறார்.

பதில்: பாவம், சாப்பாடே வெறுத்துப்போகும். மண நரம்பு திரும்ப வளரும் காலத்தில் பலருக்கு இப்படி ஆகிறது. வறுத்தது, பொரித்தது, பூண்டு, முட்டை எல்லாம் மோசமாகத் தெரியும். சூடு ஆறிய உணவாகக் கொடுங்கள்: தயிர் சாதம், இட்லி, பழம். பயிற்சியும் நடக்கட்டும்.

கேள்வி: மூக்கில் பாலிப் (உள்ளே வளரும் மென்மையான சதை) இருக்கிறது. ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தும் பலன் இல்லை.

பதில்: அடிக்கும் விதத்தைப் பாருங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்த்தால் ரத்தம் கசியும், மருந்தும் வீணாகும். அதற்கு முன் உப்புநீரால் கழுவுங்கள்: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 240 மில்லி, அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது, மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. பிறகும் பலன் இல்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து அறுவை சிகிச்சை தேவையா என்று சொல்வார்.

கேள்வி: ஜிங்க் மாத்திரை போடலாமா?

பதில்: பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மூக்கில் விடும் ஜிங்க் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அதனால் மணமே போகலாம் என்று 2009-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ எச்சரித்தது.

கேள்வி: எப்போது உடனே ஓட வேண்டும்?

பதில்: ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் வந்தால். தலையில் அடிபட்ட பின் மூக்கிலிருந்து தண்ணீர்போல ஒழுகினால்.

கேள்வி: வீட்டில் தனியாக இருக்கிறேன், கேஸ் கசிந்தால் தெரியாதே?

பதில்: கசிவு அலாரம் வாங்கி, சிலிண்டர் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள்.