தூண்டில்காரர் பதில்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் ஆறு பேர் கொடுவா மீனுக்கு இறகுத் தூண்டில் (முள்ளில் இறகைக் கட்டிச் செய்யும் போலி இரை) கட்டுகிறோம். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் தாம் கட்டியவற்றைத் தமக்குள் மாற்றிக்கொள்கிறார்களாம். நாங்களும் அப்படிச் செய்ய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஒவ்வொருவரும் ஒரே வகையில் ஆறு கட்டி, ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் பிரித்து, ஆளுக்கு ஆறு வகையாகத் திருப்பித் தருவார். அந்த வேலைக்குக் கணக்கில் கறாரானவரைப் போடுங்கள். பெரிய மீன் பிடித்தவர் என்பதெல்லாம் அதற்குத் தகுதியல்ல. சொன்ன திகதிக்குத் தராதவருக்காக மற்ற ஐவரும் காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொன்றிலும் சிறு கடதாசித் துண்டொன்று தொங்கட்டும். கட்டியவர் பெயர், முள்ளின் இலக்கம், என்ன இறகு, என்ன நூல் என்று எழுதுங்கள். அது இல்லாவிட்டால், நன்றாக மீன் பிடிக்கும் ஒன்று கிடைத்தாலும் அதுபோல இன்னொன்று கட்ட உங்களுக்குத் தெரியாது. ஆறையும் பழைய றப்பர் செருப்பின் துண்டொன்றில் குத்திக் கொடுங்கள். தீப்பெட்டியில் திணித்தால் இறகு மடிந்துபோகும்.

இனிக் கட்டும் விடயம். வெறும் முள்ளின்மேல் இறகை வைத்துக் கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் முள்ளின் நேரான தண்டு முழுவதும் நூலை நெருக்கிச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் வழுக்கித் திரும்பும். வாலாக நிற்கும் இறகைத் தண்டின் பின்னோரத்தில், முள் வளையத் தொடங்கும் இடத்தில் கட்டுங்கள். முன்னால் கட்டினால் வீசும்போது இறகு வளைவைச் சுற்றிக்கொள்ளும். போலி இரைக்கு வைக்கும் கண்ணுக்கு ஈயம் வேண்டும் என்றில்லை, கைகழுவும் தொட்டி அடைப்பானின் குமிழ்ச் சங்கிலியில் இரண்டு மணி போதும். அதை எட்டுப் போலக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை விடுங்கள். காய்ந்ததும் இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஆறையும் இப்படிச் சோதியுங்கள். முதல் இரண்டை அழகாகக் கட்டி மீதி நான்கை அவசரத்தில் முடித்தால், அந்த நான்கு பேரும் தண்ணீரில் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: கொடுவாவுக்கு எந்த வகை நல்லது?
– வாசகி, கிண்ணியா

பதில்: தங்கச்சி, பொப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1980களில் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்றில் பாஸ் மீனுக்காக ஒன்றை உருவாக்கினார். கனமான கண்ணைத் தண்டின் மேற்புறம் கட்டினார். அதனால் தூண்டில் தலைகீழாகப் புரண்டு, முள் மேல்நோக்கி நிற்கும். கண்டல் வேரில் குறைவாகச் சிக்கும். கொடுவாவும் வேர்களுக்கிடையே பதுங்கி நின்று, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும் மீன்தானே! முள் 2/0 அளவில் இருக்கட்டும். நிறம் வெள்ளையும் பச்சையும் போதும். சூடை, நெத்தலி போலத் தெரிந்தால் சரி.

கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல அறுக்கும். முன்னால் ஒரு முழம் 40 இறாத்தல் தாங்கும் தங்கூசி போடுங்கள். இறகுத் தூண்டிலுக்குத் தானாகப் பறந்து போகும் அளவுக்கு எடை கிடையாது. அதற்கென்று இருக்கும் கனமான நூல்தான் அதைக் கொண்டுபோகும். சாதாரணக் கோலில் வீசுவதானால் சற்று மேலே ஒரு ஈயக்குண்டு கட்டாமல் முடியாது. உப்புத் தண்ணீரில் பயன்படுத்தியதை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரமான ஒன்று மற்ற எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

கேள்வி: கனடாவில் உள்ள மச்சானுடனும் மாற்றிக்கொள்ளலாமா? காட்டுக்கோழி இறகு கேட்கிறார்.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: காட்டுக்கோழி வேண்டாம், தம்பி. இந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்காக ஒரு காலத்தில் அதை வேட்டையாடித் தள்ளினார்கள். நம்முடைய இலங்கைக் காட்டுக்கோழி இந்தத் தீவில் மட்டுமே வாழும் பறவை, நாட்டின் தேசியப் பறவையும்கூட. மச்சானிடம் வீட்டுச் சேவலின் முதுகு இறகு என்று சொல்லி அனுப்புங்கள். சவர்க்காரத்தில் கழுவிக் காயவைத்து, பொதியில் உள்ளதை உள்ளபடி சுங்கப் படிவத்தில் எழுதுங்கள். அந்த நாட்டு விதிகளை அவரே முதலில் விசாரித்துவைக்கட்டும். அவுஸ்திரேலியாவில் யாரும் இருந்தால் இன்னும் கவனம், அங்கே விலங்குப் பொருட்களில் கடுமை அதிகம்.

கேள்வி: குழுவில் ஒருவர் கடையில் வாங்கியதைத் தானே கட்டியதாகத் தருகிறார் என்று சந்தேகம். எப்படிக் கேட்பது?
– பெயர் வேண்டாம், நகர்

பதில்: கேட்க வேண்டாம். அடுத்த தடவை ஆளுக்கு இரண்டைக் கூடியிருந்து கட்டுவோம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, பிளேன்ரீயும் வைத்துவிடுங்கள். கட்டத் தெரியாதவர் என்றால் அன்று கற்றுக்கொள்வார், அல்லது வயிற்றுவலி என்று வராமல் இருப்பார்.